யாருக்குங்க என்று மட்டும் கேட்டவர்

என் மருந்துக்கடைக்கு எதிரே இருந்த ஜீப் ஸ்டாண்டில் அவருடைய ஜீப் எப்போதும் கடைசியில்தான் நிற்கும். முன்னால் நிற்கிற வண்டியில்தான் ஆள் முதலில் ஏறும் என்பது ஏற்காட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் கடைசியில் நின்றால்தான் பை கொண்டுவருகிறவர்கள் கூச்சமில்லாமல் கிட்டே வரமுடியும் என்பார். ஆளை ஏற்றுவது அவருக்குத் தொழில். பையை ஏற்றுவது தொழில் இல்லை. அது என்னவென்று சொல்ல எனக்கு இன்றுவரை ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் என்று பஸ் வராத நேரத்துக்கும் பஸ் நிற்காத இடத்துக்கும் அந்த ஜீப் போகும். யாராவது ஒரு பையை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்குவார். குலுக்கிப் பார்க்க மாட்டார், முகர்ந்து பார்க்க மாட்டார், கனம் பார்ப்பதுபோலக் கையை ஏற்றி இறக்கவும் மாட்டார். "யாருக்குங்க?" என்பார். பேரைச் சொன்னால் ஒருதரம் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். எழுதி வைத்துக்கொள்வது கிடையாது, எண் போடுவது கிடையாது. எனக்குத் தெரிந்து ஒரு பைகூட வேறு வாசலில் இறங்கியதில்லை.

நான் சேலத்துக்காரி. கல்யாணமாகி மலையேறி, வீட்டுக்காரரும் நானுமாக மருந்துக்கடை போட்ட புதிதில் மாரமங்கலத்தில் தையல் வேலை செய்கிற ஓர் அக்காவுக்கு இன்சுலின் அனுப்ப வேண்டியிருந்தது. ஐஸ் வைத்த தெர்மகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் பாடம் நடத்த ஆரம்பித்தேன். இது இன்ன மருந்து, வெயிலில் வைக்கக்கூடாது, சாய்க்கக்கூடாது என்று. இருமல் மருந்து வாங்க வருகிறவரைக்கூட அரைமணி நேரம் நிறுத்தி வைத்துப் பேசுகிறவள் நான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஜீப்புக்காரர் உள்ளங்கையை மெதுவாக உயர்த்தினார்.

"அதெல்லாம் எதுக்குங்க அம்மிணி. வெயில்ல வெக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது. அது போதுமுங்க. என்ன மருந்து, என்ன சீக்குன்னெல்லாம் எங்கிட்டச் சொல்லாதீங்க. யாருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. படிச்சவள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாத ஆள் என்று நினைத்தேன். கடைக்குத் திரும்பி வீட்டுக்காரரிடம் அவரைப் பற்றிக் குறைசொன்னேன். அன்றைக்கு அந்த அக்கா போன் செய்து, பெட்டி சில்லென்று வந்து சேர்ந்தது, அவரே மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாராம் என்றபிறகுதான் வாயை மூடினேன்.

கொஞ்சநாள் போனபிறகு அந்த உள்ளங்கைக்கு அர்த்தம் புரிந்தது. செம்மநத்தத்தில் ஓர் அம்மா. அவருடைய பெண்ணுக்கு மனசு சரியில்லாமல் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று அந்த அம்மாவுக்குப் பயம். டாக்டர் சீட்டை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். மாசாமாசம் நான் மாத்திரையைப் பொட்டலம் கட்டி ஜீப்பில் கொடுத்துவிடுவேன். மாமியாருக்குத் தெரியாமல் கர்ப்பம் பார்க்கிற கார்டு வாங்கிக்கொண்ட மருமகள்களும் உண்டு. மலையில் யார் வீட்டில் என்ன வேதனை என்பது அந்த ஜீப்பில் ஏறி, அந்த ஜீப்பிலேயே இறங்கிவிடும். நடுவில் ஒருவருக்கும் தெரியாது. ஓட்டுகிறவருக்கும் தெரியாது.

ஜீப்புக்குள் இருந்த கண்ணாடியை அவர் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்பார். பின்னால் யார் அழுகிறார்கள், யார் யாரோடு உரசி உட்கார்ந்திருக்கிறார்கள், எதையும் பார்க்கமாட்டார். "பின்னாடி வர்றவங்களுக்கு அவங்க முதுகு அவங்களுக்கே சொந்தமுங்க" என்று ஏதோ குழப்பமாகச் சொல்வார். எனக்கு விளங்கவில்லை என்றாலும் சிரிப்பேன்.

ஒருதடவை செக்போஸ்ட்டில் புதுப் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, சீட்டுக்கடியில் இருந்த கட்டைப்பையைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்டிருக்கிறார். "நான் கேட்டுக்கலீங்க" என்று இவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பைக்குள்ளிருந்து கோழி கொக்கரித்திருக்கிறது. "கோழின்னு அதுவே சொல்லுதேய்யா" என்றாராம் போலீஸ்காரர். "அது சொல்லீட்டுப் போவுதுங்க. நான் கேட்டுக்கலீங்க" என்றாராம் இவர். ஸ்டாண்டில் பல நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். என்னிடம் ஒரு கதை கிடைத்தால் சும்மா இருப்பேனா?

ஒருநாள் நேராகவே கேட்டேன். "ஏனுங்கண்ணா, உள்ள என்னன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு ஆசையே வராதா?"

அவர் பீடியைப் பற்றவைக்காமல் விரலிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். "உள்ள என்னன்னு தெரிஞ்சா பை கனமாயிருமுங்க அம்மிணி. தெரியாத வரைக்கும் எல்லாப் பையும் ஒரே கனந்தான்."

இது ஏதோ பெரிய ஞானம் என்று அப்போது எனக்குப் பட்டது. என் வியாபாரமே அந்த ஜீப்பை நம்பித்தான் இருந்தது. ஏற்காட்டில் கடை வைத்து மாரமங்கலம் வரைக்கும் வாடிக்கை பிடித்தவள் என்று சேலத்துச் சொந்தக்காரர்களிடம் பெருமை பேசுவேன். பிடித்தது நான் இல்லை, அவர்தான். அவர் கையில் கொடுத்தால் போய்ச் சேரும், யாருக்கும் தெரியாது என்று மலை முழுக்க நம்பியது. அந்த நம்பிக்கையின் ஓரத்தில் நான் கல்லாப்பெட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பலா பழுக்கிற காலம், மழையும் பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. கடையைத் திறக்கும்போது பின்புறம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. மூடுபனியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கொம்பு தெரிந்தது. ஊருக்குள் காட்டெருமை வருவது எங்களுக்குப் புதிதில்லை. ரோட்டில் நின்றால் வண்டிகளெல்லாம் காத்திருக்கும், அது போனதும் போகும். ஆனால் அன்றைக்கு அது தொட்டியில் மூக்கை வைத்து எடுத்தது, வைத்து எடுத்தது. தண்ணீர் உள்ளே போகவில்லை. கீழ்த்தாடை தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என்னைப் பார்த்தது. கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் புரியாமல் பார்த்தது.

காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் என்றார்கள். வெடிமருந்து உருண்டை அது. பழத்துக்குள் ஒளித்துத் தோட்டத்தில் போட்டுவிடுவார்கள், கடித்தால் வாயோடு வெடிக்கும். சட்டப்படி குற்றம், மலையில் யாரும் செய்வதில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். பன்றிக்கு வைத்ததை இது தின்றுவிட்டது. பல நாள் அந்தத் தாடையோடு எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்தது. பசியோடும் தாகத்தோடும் அலைந்து ஒரு காப்பித் தோட்டத்துச் சரிவில் விழுந்து செத்தது. பின்னாலேயே போய் போனில் படம் எடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதற்குப்பிறகு வனத்துறையினர் ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். ஓடைக்கரைப் புதரில் மிச்ச உருண்டைகளோடு ஒரு மஞ்சப்பையைக் கண்டெடுத்திருந்தார்கள். வாயைச் சிவப்பு நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பை. அது இவருடைய ஜீப்பில் போனதை யாரோ பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் கடைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தப் பை உங்க வண்டியில வந்ததா?"

"வந்துச்சுங்க."

"உள்ள என்னன்னு கேட்டீங்களா?"

"நான் கேட்டுக்கலீங்க."

"யாருக்குன்னு?"

அவர் தரையைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்தேன். அவர் கேட்கிற ஒரே கேள்வி அதுதான் என்பது அந்த அதிகாரிக்குத் தெரியாது. சுற்றி நின்ற எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"ஞாபகமில்லீங்க" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய். ஸ்டாண்டில் ஒருவரும் இருமக்கூட இல்லை. ஜீப்பைக் கொண்டுபோனார்கள், விசாரித்தார்கள், சிலநாள் கழித்து விட்டுவிட்டார்கள். ஜீப் திரும்பி வந்த அன்றைக்கு, நாகலூர்ப் பக்கத்தில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர் என்று பேர் எடுத்தவர். ஊர்க் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்பார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். இவர் தோளில் கையைப் போட்டு, "நீங்க நம்ம ஆளுங்க. மலையோட மானத்தக் காப்பாத்திப்போட்டீங்க" என்றார். இவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. டீயில் ஆடை படிகிறவரை கையிலேயே வைத்திருந்துவிட்டு, அவர் போனதும் சக்கரத்தின் ஓரத்தில் ஊற்றினார்.

மறுநாள் கடைக்கு வந்தார். தூக்கம் வருவதில்லை, மாத்திரை வேண்டும் என்றார். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"யாருக்குன்னு உங்களுக்குத் தெரியும். ஏனுங்கண்ணா சொல்லலை?"

"என்னைய நம்பிக் குடுத்தாங்க அம்மிணி."

"நம்பிக் குடுத்தவங்க எதைக் குடுத்தாங்கன்னு பாத்தீங்கல்ல? இதுக்குப் பேரு நம்பிக்கைங்களா? உங்க நல்ல பேருக்குள்ள வெடிய ஒளிச்சு அனுப்பியிருக்காங்க."

அவர் கல்லா மேசைமேல் கையை ஊன்றினார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "இந்தப் பை யாருக்குன்னு இன்னைக்கு நான் சொல்லீட்டன்னு வெய்ங்க. நாளைக்குச் செம்மநத்தத்து அம்மா உங்ககிட்ட வாங்கற பொட்டலத்த என்ர வண்டியில உடுமுங்களா? அதுக்குள்ள என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தம்மா வாங்கறப்ப முந்தானையில மூடி வாங்குது. அதப் பாத்திருக்கறேன்."

மேசைமேல் கிடந்த மாத்திரை அட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"ஆனாலும்..." என்று நான் இழுத்தேன்.

"பழம்னு நம்பித்தானுங்களே அது வாய் வெச்சுது" என்றார் அவர். காட்டெருமையைச் சொன்னார். கல்லா மேசையின் கண்ணாடியைத் தடவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல மீதியையும் சொன்னார்.

"அன்னைக்கு நல்ல மழைங்க. வண்டித் தரையெல்லாம் ஈரம். முழுகாம இருக்கற புள்ள ஒன்னு வந்துட்டிருந்துச்சு. வயிறு நொம்பப் பெருசு. கண்ணு, பை நனைஞ்சிரும், நீ மடியில வெச்சுக்கன்னு நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அது ரெண்டு கையையும் பை மேல வெச்சுக்கிட்டே வந்துச்சுங்க. அந்த ரோடு உங்களுக்குத் தெரியுமே, எத்தனை குழி. எறங்கறப்ப பைய வாங்குனவரு கை அப்படி நடுங்குச்சு. மழையில குளிருதாட்டம்னு நெனச்சேன். அப்பவும் நான் கேட்டுக்கலீங்க."

அவர் படியிறங்கிப் போனபிறகு நான் நெடுநேரம் கடையில் வேலை செய்யவில்லை. ஒன்றும் நடக்கவில்லைதான். அந்தப் பெண் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாள். ஆனால் நடக்காமல் போன ஒன்று ஒரு மனிதனை இப்படிப் பிடித்து ஆட்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு என்னையும் அது விடவில்லை. மருந்துப் பெட்டிகளை அடுக்கும்போது, ஒரு மடியும் அதன்மேல் இரண்டு கைகளும் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

கொஞ்சநாளில் ஜீப்புக்குள் கூரையைப் பார்த்திருந்த கண்ணாடி கீழே இறங்கியது. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் மடிகளைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்திருந்தார். ஓட்டும்போது ரோட்டைவிட அதைத்தான் அதிகம் பார்க்கிறார் என்று ஆட்கள் குறைசொன்னார்கள். நாகலூர் போகிற வழியில், அந்தக் காட்டெருமை கடைசி நாட்களில் நின்றுகொண்டிருந்த வளைவு ஒன்று இருக்கிறது. அங்கே போனதும் எஞ்சினை நிறுத்திவிடுவார். எதிரே ஒன்றும் இருக்காது, பனிதான் இருக்கும். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், "அது கடந்து போவட்டுமுங்க" என்பார். முதலில் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நானே ஒருதரம் அந்த வண்டியில் இருந்தேன். எஞ்சின் நின்றதும் காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் வந்ததுபோல எனக்கு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவரின் மூச்சாக இருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒருநாள் இன்சுலின் பெட்டியைக் கொண்டுபோனேன். பல வருஷமாகக் கொண்டுபோகிற அதே பெட்டி, அதே அக்காவுக்கு. அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உள்ள என்னங்க அம்மிணி?"

கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். நியாயமான கேள்வி, கேட்கவேண்டிய கேள்வி, கேட்கச்சொல்லி நானே சண்டை போட்ட கேள்வி. இருந்தும் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து காட்டினேன். ஐஸ் பையைத் தூக்கி, அடியில் இருந்த குப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "போதுமுங்க, மூடிக்குங்க" என்றார். என்னைவிட அவருக்குத்தான் அதிக வெட்கம்.

எல்லாரிடமும் கேட்டார். எல்லாப் பையையும் திறக்கச் சொன்னார். தப்பு செய்கிறவர்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள், அவர்களுக்கு வழியா இல்லை? தப்பு செய்யாதவர்கள்தான் திறந்து காட்டக் கூசி நின்றுபோனார்கள். செம்மநத்தத்து அம்மா மாத்திரைக்குத் தானே பஸ் ஏறி வர ஆரம்பித்தார். மூட்டுவலியோடு என் கடைப் படியேறி உட்கார்ந்து, "அவரு நல்ல மனுசந்தாங்க, என்னமோ ஆயிப்போச்சு" என்று மட்டும் சொன்னார். ஒருமாசம் வரவில்லை. மாத்திரை இல்லாமல் அந்தப் பெண் பட்டபாட்டைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். நம்பிக்கை போனால் வியாபாரம் போகும் என்று என் கடைக்காரப் புத்திக்குத் தெரியும். அதோடு எதெல்லாம் சேர்ந்து போகும் என்று தெரியாது.

இப்போது என் கடையில் கேமரா இருக்கிறது. மலைக்கு மேலே கூரியர் பையன்கள் பைக்கில் வருகிறார்கள், போனுக்கு வருகிற நம்பரைச் சொன்னால்தான் பார்சலைக் கையில் கொடுக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நம்பவேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நல்லதுதான். பையன்களிடம் நான் டீ குடிக்கிறாயா என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது.

மார்கழிக் குளிரில் அவர் ஜீப்பை விற்றார். உடம்பும் விழுந்துவிட்டிருந்தது. ஓமலூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளக் கடைக்கு வந்தார். குல்லாவும் மப்ளருமாக, பாதியாகச் சுருங்கிப்போயிருந்தார். போகும்போது கக்கத்தில் இடுக்கியிருந்த ஒரு மஞ்சப்பையை எடுத்துக் கல்லா மேசைமேல் வைத்தார்.

அதன் வாய் சிவப்பு நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. ஓடைக்கரையில் கிடைத்த பையைக் கட்டியிருந்த அதே மாதிரிக் கயிறு.

"இத ஒருத்தருக்குக் குடுத்துருங்க அம்மிணி. நானே போலாமுங்க. போனா வாய் தொறந்துருவேன். உங்களுக்கு ஒன்னும் தெரியாது. நீங்க போங்க."

உள்ளே என்ன என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் இரண்டு கையையும் நீட்டிப் பையை வாங்கினேன். குலுக்கவில்லை.

"யாருக்குங்க?" என்றேன்.

அவர் பேரைச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்த, என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற மிளகுத் தோட்டக்காரர். நான் ஒருதரம் தலையை ஆட்டினேன்.

உடனே போகவில்லை. சீசன் வியாபாரம், ஆள் இல்லை என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். பையைக் கடையின் மேல் அலமாரியில் வைத்திருந்தேன். இலேசாகத்தான் இருந்தது, ஆனாலும் அதன் கீழே நின்று வேலை செய்யப் பிடிக்கவில்லை. தை மாசத்தில் ஓமலூரிலிருந்து போன் வந்தது. அவர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள் மகள். தூக்கம் வந்ததே என்று நினைத்து அழுதேன். மறுவாரம் பையை எடுத்துக்கொண்டு நாகலூர் பஸ் ஏறினேன்.

தோட்டக்காரர் வாசலில் பாய் விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வா தங்கச்சி, ஏது இவ்வளவு தூரம்" என்று நிமிர்ந்தவர் என் கையைப் பார்த்தார்.

"உங்களுக்குக் குடுக்கச் சொன்னாருங்கண்ணா. ஜீப்புக்காரரு."

"அவருதான் போயிட்டாரே."

"போறதுக்கு முன்னாடியே குடுத்தாருங்க. நாந்தான் லேட்டு."

அவர் கை நீட்டவில்லை. மிளகு அள்ளுகிற பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மகள் வந்தாள். பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தவள், இடுப்பில் ஐந்தாறு மாசத்துப் பெண்குழந்தை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"குடுங்கக்கா, நான் வாங்கிக்கிறேன். அட, அதே செவப்புக் கயிறு. அன்னைக்கு இவ வயித்துல இருக்கறப்ப நான் வந்தனே, உங்க ஊட்டுப் பைதான் கண்ணு, நனையாம மடியில வெச்சுக்கன்னு ஜீப்புக்கார மாமா குடுத்தாரு. அதே மாதிரி கட்டியிருக்காரு பாருங்கப்பா." சொல்லிக்கொண்டே, குழந்தையை இடுக்கிக்கொண்டு மறுகையைப் பைக்கு நீட்டினாள்.

"தொடாத கண்ணு" என்று அவர் கத்தினார். மனிதக் குரலாகவே இல்லை அது. பாய்ந்து வந்து பலகையால் என் கையிலிருந்த பையைத் தட்டிவிட்டார். மகளையும் குழந்தையையும் சேர்த்துப் பிடித்துத் தன் முதுகைப் பைக்குக் காட்டிக் குனிந்துகொண்டார். பை காயப்போட்ட மிளகின்மேல் போய் விழுந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. நைந்த பை பக்கவாட்டில் கிழிந்து, உள்ளே இருந்தது பாதி வெளியே வந்திருந்தது. ஒரு சின்ன ஸ்வெட்டர். மஞ்சள் நிறம், கையால் பின்னியது, குழந்தை அளவு.

குழந்தை பயந்து அழ ஆரம்பித்தது. அவர் மெதுவாக நிமிர்ந்தார். முகம் சாம்பலாகிவிட்டிருந்தது. பாயின் ஓரத்தில், மிளகின்மேலேயே உட்கார்ந்தார்.

"அவரு உங்ககிட்ட எல்லாஞ் சொல்லிட்டாருங்களா?" என்றார். தங்கச்சி என்பது போய் மரியாதை வந்திருந்தது.

"ஒன்னும் சொல்லலீங்க."

"உள்ள என்னன்னு தெரிஞ்சுதான் கொண்டாந்தீங்களா?"

"நான் கேட்டுக்கலீங்க" என்றேன்.

ஜீப்புக்காரர் அந்தக் கயிற்றை வேண்டுமென்றே கட்டினாரா, அல்லது கையில் கிடைத்த கயிறு அதுதானா, எனக்குத் தெரியாது. குழந்தையிடம் மன்னிப்புக் கேட்கத்தான் ஸ்வெட்டர் அனுப்பினார் என்று சிலசமயம் நினைப்பேன். வாயால் சொல்லமாட்டேன் என்றவர் வேறு விதமாகச் சொல்லிவிட்டுப் போனார் என்று சிலசமயம் நினைப்பேன்.

மகள் குனிந்து ஸ்வெட்டரை எடுத்தாள். ஒட்டியிருந்த மிளகை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். கிழிந்த பையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், மிளகில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். ஸ்வெட்டர் பிடித்த கை தானாக வயிற்றின்மேல் போய் நின்றது.

"அப்பா," என்றாள், "அன்னைக்கு என்ர மடியில என்னங்கப்பா இருந்துச்சு?"